ஒன்பதாம் நம்பர் ஷூ

பெரிய வியாழன் மாலைப் பூசையில் சாமியார் பன்னிரண்டு பேருடைய பாதங்களைக் கழுவித் துடைத்து முத்தமிடுவார். இயேசு தம் சீடர்களுக்குச் செய்ததன் நினைவு அது. கிறிஸ்தவர் அல்லாத நண்பர்களுக்கும் இது ஓரளவு தெரியும். அவர்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. எங்கள் கோயிலில் கழுவுவது வலது காலை மட்டும்தான். பன்னிரண்டு பேரும் வலது செருப்பை மட்டும் கழற்றிவிட்டு, வலது காலை மட்டும் நீட்டி உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் காலையும் வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்து, நகம் வெட்டி, பவுடர்கூடப் போட்டுக்கொண்டுதான் வருவார்கள். அழுக்குக் காலைச் சாமியாரிடம் நீட்ட யாருக்கு மனம் வரும்? இடது காலை யாரும் பார்ப்பதில்லை.

யாரும் பார்ப்பதில்லை என்பதை ஒரு வருடம் நான் எனக்கு வசதியாக எடுத்துக்கொண்டேன். அதில் ஒரு மனிதரின் கால் போனது. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. எனக்குப் பத்தொன்பது வயது. அப்பாவுக்கு டெல்லியில் மத்திய அரசு வேலை, லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் வீடு. தமிழ்ப் பூசைக்கு வரும் இளைஞர் குழுவுக்கு நான் செயலாளர். செயலாளர் என்றால் நோட்டீஸ் எழுதுவது, ஆள் சேர்ப்பது, வராதவர்களைத் திட்டுவது. மூன்றாவதை நன்றாகச் செய்வேன்.

அந்த வருடத் தவக்காலம் தொடங்கியதும் ஃபாதர் எங்களைக் கூப்பிட்டு, “நாடகம் போதும், கிரிக்கெட் போதும். நாப்பது நாளைக்கு யாருக்காவது உபயோகமா ஏதாவது பண்ணுங்க” என்றார். எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வந்த அக்காவுக்குக் கள்ளக்குறிச்சிப் பக்கம். அவருடைய ஊர்க்காரர்கள் சிலர் கட்டட வேலைக்கென்று டெல்லி வந்தவர்கள், அந்த வேலை நின்றுபோனதும் யமுனைக் கரையில் காய்கறி வயல்களில் கூலிக்கு இருந்தார்கள். அக்கா இதைச் சொல்லும்வரை டெல்லிக்குள் வயல் இருப்பதே எனக்குத் தெரியாது. காய்கறி சரோஜினி நகர் மார்க்கெட்டில் விளைவதாகவே நினைத்திருந்தேன் போலிருக்கிறது.

ஞாயிறு பூசை முடிந்ததும் பதினைந்து பேர் ஒரு டெம்போவில் ஏறுவோம். ஆற்றுப்பாலம் தாண்டி, சாலையிலிருந்து இறங்கி, மணல் பாதையில் அரைமணி நடக்க வேண்டும். கீரை, பாகல், சுரை, வெள்ளரி. வயலுக்கு நடுவே நாணல் தட்டி வைத்துக் கட்டிய ஒன்பது குடிசைகள். நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் உத்தரப் பிரதேசக்காரர். மோட்டார் கொட்டகை வாசலில் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுத்திருப்பார். எங்களைப் பார்த்தால் எழுந்து “ஆயியே, ஆயியே” என்று வரவேற்பார். அவர் சரி சொல்லாமல் அந்த ஆட்கள் சாலைவரைகூடப் போக முடியாது என்பது எங்களுக்கு மூன்றாவது வாரம்தான் புரிந்தது.

நாங்கள் செய்த சேவையைச் சொன்னால் சிரிப்பீர்கள். கீரைக்கட்டு கட்டினோம், தூக்கினால் உதிர்ந்தது. பாகற்காய் பறித்தோம், பாதி பிஞ்சு. நாங்கள் கிளம்பிய பிறகு எல்லாக் கட்டையும் பிரித்து அவர்கள் மறுபடி கட்டினார்கள் என்பதைப் பின்னால் தெரிந்துகொண்டேன். எங்கள் முகத்துக்கு நேரே ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. வீட்டில் அம்மாதான் சொல்வாள். அம்மாவுக்குத் தூத்துக்குடி. “ஊருக்கெல்லாம் சேவை செய்யுத. வீட்டுல ஒரு தட்டைக் கழுவ மாட்டுக்க.” அம்மாவுக்குப் பொறாமை என்று நினைத்துக்கொள்வேன். அப்படி ஒரு பவித்திரம் அப்போது என் தலைக்கு ஏறியிருந்தது.

அங்கே ஒரு கணவனும் மனைவியும் எனக்குப் பழக்கமானார்கள். அவருக்கு நாற்பத்தைந்து இருக்கும். ஒல்லி, எப்போதும் கேலி. முதல்நாளே நான் பறித்த பிஞ்சுகளைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, “டெல்லில பொறந்த புள்ளைக்குப் பாவக்கா பறிக்கத் தெரியல, சரி. திங்கவாவது தெரியுமா பாப்பா?” என்றார். அவர் மனைவி கோயிலிலிருந்து வரும் பெண்கள் எல்லோரையும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார். சுடிதார் போட்டுக்கொண்டு, லிப்ஸ்டிக் வைத்துக்கொண்டு வந்தாலும் சிஸ்டர்தான். “நீங்க வந்தா நல்லாதான் சிஸ்டர் இருக்குது. அந்த ஒரு மணி நேரம் அந்தாளு எங்கள ஒக்கார உடுறான்” என்று கொட்டகைப் பக்கம் கண்ணைக் காட்டுவார். எங்களால் அவர்களுக்குக் கிடைத்த ஒரே உபயோகம் அதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

பெரிய வியாழன் யோசனை என்னுடையது. ஒவ்வொரு வருடமும் பாதம் கழுவ முன்வரிசையில் உட்காருகிறவர்கள் கோயில் கமிட்டி அங்கிள்கள். அண்டர் செக்ரெட்டரி, பேங்க் மேனேஜர், இப்படி. இந்த வருடம் அந்த நாற்காலிகளில் வயல் ஆட்கள் உட்காரட்டும் என்றேன். ஃபாதர் கண்ணாடியைக் கழற்றி என்னை ஒரு நிமிடம் பார்த்தார். அடுத்த ஞாயிறு பிரசங்கத்திலேயே அறிவித்துவிட்டார், இது நம் செயலாளர் பெண்ணின் யோசனை என்று சேர்த்து. கோயிலே திரும்பி என்னைப் பார்த்தது. அந்த வாரம் முழுவதும் எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

அப்போது ஆண்களின் பாதத்தை மட்டும்தான் கழுவுவார்கள். வயலில் வயதுவந்த ஆண்கள் மொத்தம் பதினான்கு பேர். இரண்டு பேர், “சாமியாரு எங்க காலத் தொட்டா எங்களுக்குத்தான் பாவம்” என்று முதலிலேயே மறுத்துவிட்டார்கள். மிச்சம் சரியாகப் பன்னிரண்டு. அந்தப் பன்னிரண்டை நான் நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டு வைத்திருந்தேன். குத்தகைக்காரரிடம் போய், அந்த ஒரு சாயங்காலம் ஆட்களை விட வேண்டும் என்று ஹிந்தியில் கெஞ்சி அனுமதியும் வாங்கிவிட்டேன்.

குருத்து ஞாயிறன்று, அதாவது பெரிய வியாழனுக்கு நான்கு நாள் முன்னால், முதலுதவிப் பெட்டியோடு எல்லோருடைய காலையும் பார்த்துக்கொண்டு வந்தேன். நோய் பார்க்க அல்ல. வெடிப்பு, அழுக்கு, நகம் எல்லாம் எப்படி இருக்கிறது என்று பார்க்க. அந்தக் கேலிக்கார அண்ணன் தட்டியோரம் இடது காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். ஒரு வாரம் முன்னால் ஆற்று மணலில் கண்ணாடிச் சில்லு குத்தியதாம். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே கறுத்துப் போயிருந்தது. மேல்பாதம் வீங்கிப் பளபளத்தது. மஞ்சளும் எண்ணெயும் வைத்துத் துணி சுற்றியிருந்தார்கள்.

“வலிக்குதாண்ணே?”

“வலியே தெரியல பாப்பா. அதான் பயமா இருக்குது.” அன்று அவர் குரலில் கேலி இல்லை. “என்னப் பெரியாஸ்பத்திரிக்கு இட்டுனு போறியா? மின்ன ஒருவாட்டி வேற நோவுக்குப் போனேன். இந்த சன்னலுக்குப் போ, அந்த சன்னலுக்குப் போன்னு தொரத்துனானுங்க. ஒண்ணும் புரியல, வந்துட்டேன். நீ வந்தா நாலு வார்த்த ஹிந்தில சொல்லிருவ. இந்தாளும் நீ கேட்டா உடுவான்.”

மறுநாளே போயிருக்கலாம். கல்லூரி விடுமுறை. டெம்போகூட வேண்டாம், ஒரு ஆட்டோ போதும். ஆனால் அவர் கேட்டு முடிப்பதற்குள் என் மனம் கணக்குப் போட்டுவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனால் படுக்க வைத்துவிடுவார்கள். படுக்க வைத்தால் பதினொன்று. பதினொன்று என்றால் கடைசி நாற்காலிக்குக் கமிட்டி அங்கிள் ஒருவரைக் கூப்பிட வேண்டும். அவர் வந்து உட்கார்ந்து, பெரிய யோசனை என்று சொன்னார்களே என்று சிரிப்பார். இவ்வளவும் ஒரு மூச்சில் எனக்குத் தோன்றியது. வியாதியைப் பற்றிய அறியாமை என்று பின்னாளில் எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது பொய். எனக்குக் காலைப் பார்த்ததுமே பயமாகத்தான் இருந்தது.

“வியாழக்கிழமை முடியட்டும்ணே. சனிக்கிழமை காலைல நானே வந்து கூட்டிட்டுப் போறேன்” என்றேன்.

“சனிக்கெழமையா?” என்று மனைவி கேட்டார்.

“ப்ராமிஸ்” என்றேன். டெட்டால் வைத்துக் கழுவி, பஞ்சு வைத்து, வெள்ளை வெளேரென்று ஒரு கட்டுப் போட்டேன். பார்க்க அழகாக இருந்தது. “இதை வியாழக்கிழமை வரைக்கும் பிரிக்காதீங்க, நனைக்காதீங்க” என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் பிரிக்கவில்லை. நான் சொன்னதை அந்த வயலில் யாருமே மீறியதில்லை.

அந்தக் கட்டு பூசையில் தெரியக்கூடாதே என்பது அடுத்த கவலை. வலது கால்தானே என்ற எண்ணம் அப்போது வந்ததுதான். பன்னிரண்டு பேருக்கும் ஒரே மாதிரி வெள்ளைக் கான்வாஸ் ஷூ வாங்கலாம், வலதைக் கழற்றட்டும், இடது காலில் ஷூ இருக்கட்டும். இளைஞர் குழுவில் எல்லோரும் என் ரசனையைப் பாராட்டினார்கள். திங்கள்கிழமை சரோஜினி நகரில் போய் வாங்கினேன். அளவெல்லாம் நோட்டில் எழுதிவைத்திருந்தேன். அவருக்கு எட்டாம் நம்பர். “பையா, இது மட்டும் ஒன்பது குடுங்க” என்று கடைக்காரரிடம் ஹிந்தியில் கேட்டு, ஒன்பதாம் நம்பர் வாங்கினேன். எட்டு அந்த இடது காலில் ஏறாது என்று எனக்குத் தெரிந்திருந்தது. அதனால் வீக்கத்தைக் கவனிக்கவில்லை என்று நான் யாரிடமும் சொல்ல முடியாது.

வியாழக்கிழமை பூசை மிக அழகாக நடந்தது. பன்னிரண்டு பேரும் எண்ணெய் வைத்துத் தலை வாரி, பீடத்துக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்தார்கள். அவர் எட்டாவது. நான் பக்கத்தில் துண்டுகளோடு நின்றேன். ஃபாதர் தண்ணீர்ச் செம்போடு முதல் ஆளிடம் குனிந்தபோது, எட்டாவதாக இருந்த அவர் என் துப்பட்டா நுனியை லேசாக இழுத்தார்.

“பாப்பா, அந்த ஷூவயும் கழட்டிறட்டா? உள்ள கொதிக்குது.”

“இன்னும் பத்தே நிமிஷம்ணே. வலதுதான் கழுவுவாங்க.”

அவர் சரி என்று தலையாட்டினார். முறை வந்ததும் வலது காலை நீட்டினார். தேய்த்துத் தேய்த்து வெளுத்திருந்த கால். ஃபாதர் தண்ணீர் ஊற்றித் துடைத்து, குனிந்து முத்தமிட்டார். காலை நீட்டியிருந்தவர் கண்ணில் தண்ணீர் வந்தது. பின்வரிசையில் இருந்த அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கோயிலில் பல பேர் அழுதார்கள். எனக்கும் அழுகை வந்தது, என்னை நினைத்து.

திரும்பிப் போகும் டெம்போவில் ஒரு நாற்றம் இருந்தது. ஆற்றங்கரைக்காரர்கள், அப்படித்தான் இருக்கும் என்று முன்சீட்டுக்கு மாறிக்கொண்டேன். இறங்கும்போது அவர், “சனிக்கெழம ரோட்டாண்ட வந்து நிக்கிறேன் பாப்பா. நீ இம்மாந்தூரம் மணல்ல நடக்காத” என்றார்.

பெரிய வெள்ளி சடங்குகளில் போனது. சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அவர் நினைவு வந்தது. புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். அன்று இரவு நடக்கும் ஈஸ்டர் பாஸ்கா பூசைக்குப் பாடகர் குழுவின் கடைசி ஒத்திகை பத்து மணிக்கு. தனிப்பாடல் எனக்கு. ஆஸ்பத்திரி என்றால் நாள் முழுக்கப் போய்விடும். திங்கள்கிழமை போய்க்கொள்ளலாம் என்று இஸ்திரிப் பெட்டியை அழுத்தித் தேய்த்தேன். குழுவில் வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாம். அனுப்பினால், ஏன் இத்தனை நாள் வைத்திருந்தாய் என்று கேட்பார்கள். திங்கள்கிழமை தேர்வு அட்டவணை ஒட்டினார்கள். அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் அவர் நினைவு வந்தது, ஒவ்வொரு நாளும் ஒரு காரணமும் கூடவே வந்தது. மறந்துவிட்டேன் என்றால்கூட மன்னிப்பு உண்டு. நான் ஒரு நாளும் மறக்கவில்லை.

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது, கோயில் கேட்டருகே அவர் மனைவி நின்றிருந்தார். வெறுங்கால். இரண்டு பஸ் மாறி, வழியெல்லாம் கேட்டுக் கேட்டு வந்திருக்கிறார்.

“மூணு நாளா கண்ணத் தொறக்கல சிஸ்டர். ஜொரம் அனலாட்டம் அடிக்குது. கொஞ்சம் வாங்க” என்றார். அவ்வளவுதான். நான் வராததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. டெம்போவில் ஏறிய பிறகுதான், நான் கேட்காமலே, ஜன்னல் வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார். “அன்னிக்குக் குளிச்சு, வெள்ளச் சட்ட போட்டுக்கினு, ரோட்டாண்ட போய் ஒக்காந்துட்டாரு. பொழுது சாயற வரைக்கும் ஒக்காந்திருந்தாரு. பொறவு நான்தான் போயி இட்டாந்தேன்.”

வயலிலிருந்து அவரைத் தூக்கிக்கொண்டு போன பெரிய ஆஸ்பத்திரியில் எந்தச் சன்னலிலும் எனக்குச் சிரமம் இருக்கவில்லை. நாலு வார்த்தை ஹிந்தி, இரண்டு வார்த்தை இங்கிலீஷ். ஒரு மணி நேரத்தில் வார்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இவ்வளவு சுலபம் அது. ரத்தம் பார்த்தார்கள். அவருக்கு வெகுநாளாகவே சர்க்கரை வியாதி இருந்திருக்கிறது, யாருக்கும் தெரியாது. கட்டை வெட்டி எடுத்தபோது நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் போட்ட கட்டு. இளம் டாக்டர் ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்து என்னிடம் சொன்னார்: “தஸ் தின் பெஹ்லே லே ஆத்தே, தோ பேர் பச் ஜாத்தா.” பத்து நாள் முன்னால் கொண்டுவந்திருந்தால் கால் பிழைத்திருக்கும் என்று அர்த்தம்.

விரலை மடக்கி எண்ணினேன். பத்து நாள் முன்னால் பெரிய வியாழன்.

“டாக்டரு என்னா சொல்றாரு சிஸ்டர்?” என்று மனைவி கேட்டார்.

அந்த வார்டில் அவருக்குப் புரிகிற பாஷை பேசிய ஒரே ஆள் நான். “சர்க்கரை ரொம்ப அதிகமாம். அதனாலதான் இப்படி ஆச்சாம். காலை எடுக்கணுமாம்” என்றேன். இதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. அவர் சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். நாலைந்து நாள் கழித்து இளைஞர் குழுவோடு ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் எடுத்துக்கொண்டு பார்க்கப் போனோம். அவர் தலையணையில் சாய்ந்திருந்தார். கேலி கொஞ்சம் திரும்பியிருந்தது. என்னைப் பார்த்ததும் போர்வையை விலக்கி வலது காலை ஆட்டிக் காட்டினார்.

“நல்லவேள பாப்பா, சாமியாரு கழுவுன காலு தப்பிச்சிக்கிச்சு.”

எல்லோரும் கண்கலங்கினார்கள். என்ன விசுவாசம் பாருங்கள் என்று ஒருத்தி என் காதில் சொன்னாள். நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். என் முகத்தை அவர் பார்க்கவில்லை. அவர் மனைவி பார்த்தார், நெடுநேரம் பார்த்தார். அவருக்குத் தெரியும் என்று அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

பாவசங்கீர்த்தனம் செய்தேன், எங்கள் ஃபாதரிடம் அல்ல. அவருக்கு என் குரல் தெரியும். வேறொரு கோயிலில், இங்கிலீஷில், முன்பின் அறியாத சாமியாரிடம். ஒரு நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக நேரம் இல்லாமல் போய்விட்டது என்று சொன்னேன். பன்னிரண்டைப் பற்றிச் சொல்லவில்லை, ஷூவைப் பற்றிச் சொல்லவில்லை. எல்லோருக்கும் எல்லாம் செய்ய நம்மால் முடியாது மகளே, உன் நல்ல மனதை ஆண்டவர் அறிவார் என்று சொல்லி, மூன்று அருள்நிறை மரியே செபிக்கச் சொன்னார். ஒரு நிமிடத்தில் செபித்து முடித்துவிட்டேன். இவ்வளவு மலிவாக விட்டுவிட்டாரே என்று அவர்மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. பாதியை மறைத்துவிட்டு முழு மன்னிப்பு கேட்டது நான்.

ஒரு காலோடு வயலில் இடமில்லை என்று குத்தகைக்காரர் சொல்லிவிட்டார். கோயிலில் டிக்கெட் எடுத்துக் கொடுத்து ஊருக்கு அனுப்பினோம். மே மாதம், சென்னை போகும் ரயில். வழியனுப்ப வந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து அவரைத் தூக்கி ஜன்னலோரம் உட்காரவைத்தார்கள். கக்கத்தில் இரண்டு கட்டைகள். வலது காலில் அந்த வெள்ளைக் கான்வாஸ் ஷூ. ஒன்பதாம் நம்பர் அந்தக் காலுக்குப் பெரிது என்பதால் முன்னால் துணி அடைத்துப் போட்டிருந்தார். ஃபாதர் அவர் நெற்றியில் சிலுவை போட்டார். அவர் எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டு, என்னிடம், “பரீச்ச நல்லா எழுதுனியா பாப்பா?” என்று கேட்டார். எழுதினேன் என்றேன்.

மற்றவர்கள் தண்ணீர் பாட்டில் வாங்கப் போயிருந்தார்கள். அவர் மனைவி பெட்டியிலிருந்து இறங்கி என்னிடம் வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை.

“இது இவருக்கு இனி வேணாம் சிஸ்டர். நீங்கதான் பாத்து வாங்கியாந்தீங்க. நீங்களே வச்சிக்கோங்க.”

உள்ளே இடது ஷூ. துவைத்து வெயிலில் காயவைத்து, கயிறுகூடக் கோத்து முடிச்சுப் போட்டிருந்தது. புதிது போல வெள்ளையாக இருந்தது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் திரும்பி ஏறிக்கொண்டார். அவர் குரலில் கோபம் இருந்ததா என்று இத்தனை வருடமாக யோசிக்கிறேன். இருந்ததாக எனக்கு நினைவில்லை. இருந்திருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும்.

ரயில் போன பிறகு எல்லோரும் வெளியே நடந்தார்கள். ஷூ லேஸ் கட்டுகிறவள் போல நான் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். அந்தப் பையைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டு எழுந்தேன். லக்ஷ்மிபாய் நகர் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. வீட்டுக்குப் போனதும் அம்மா, “நல்லபடியா அனுப்பிட்டியா?” என்று கேட்டாள்.

“அனுப்பிட்டேம்மா” என்றேன்.